நாட் விமானத்துக்கு 72 சென்டிமீட்டர் பொட்டு

நேற்று ஆயுத பூஜை. தறி ஓடாத நாளில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் தூக்கமாக வரும். மத்தியானம் எழுந்து கூடத்துக்கு வந்தால், ஷோகேஸ் கண்ணாடி இரண்டும் ஒரு பக்கமாகத் தள்ளிக் கிடக்கிறது. உள்ளே நான் ஒட்டிச் சேர்த்த பிளாஸ்டிக் மாடல்கள், என் விமானப் படையும் தரைப் படையும், சந்தனம், குங்குமம், ஆளுக்கொரு செவ்வந்திப் பூவோடு அணிவகுத்து நிற்கின்றன.

அம்மாவைக் கேட்டேன்.

"ஆயுத பூசைக்கு ஆயுதத்துக்குப் பொட்டு வெக்காம வேற எதுக்கு வெக்கறது சாமி?"

என்ன பதில் சொல்வது? ஸ்பேனர், நூல் கத்தரி, கால்குலேட்டர், ஓடாத மொபெட் வரைக்கும் பொட்டு வைக்கிற வீட்டில், ஆயுதம் என்று சொல்லத் தகுந்தவை ஷோகேஸில் இருப்பவை மட்டும்தான்.

அளவை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. நாட் போர் விமான மாடல் 1/72 அளவு, நிஜத்தில் 72இல் ஒரு பங்கு. அம்மாவின் மோதிர விரல் வைக்கிற பொட்டு ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாது. பெருக்கிப் பாருங்கள், நிஜ விமானத்தில் 72 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு பொட்டு. நிஜ நாட் விமானத்தின் நீளமே ஒன்பது மீட்டருக்குள்தான். அதையும் விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டின் மேல் வைத்திருக்கிறார். அந்த மனுஷன் இனிமேல் குங்குமத்தைத் தாண்டித்தான் எதிரியைத் தேட வேண்டும். டி-72 டாங்கி 1/35. செயினுக்கு அடியில் பக்கத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம். நாலு சென்டிமீட்டர் பழத்தை 35 மடங்காக்கினால் ஒரு மீட்டர் 40 வருகிறது. டாங்கியின் மொத்த உயரமே இரண்டேகால் மீட்டருக்கு மேல் இல்லை. ஆவடியில் இந்த டாங்கியைச் செய்தவர்கள் மேடு பள்ளம் எல்லாம் ஏற்றி இறக்கிச் சோதித்திருப்பார்கள், எலுமிச்சம்பழத்துக்கு யார் சோதித்திருப்பார்கள்? ஷோகேஸ் முன்னால் ஒரு பூசணிக்காயும் உடைப்பதாக இருந்ததாம். அப்பாதான் தடுத்திருக்கிறார், டைல்ஸ் போயிரும் என்று.

துடைத்தால் போகாதா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். போர் விமானம் பளபளவென்று இருக்கக் கூடாது என்று கடைசிப் பூச்சாக மேட் வார்னிஷ் அடிப்போம். பளபளப்பு போவதற்குக் காரணமே அந்தப் பூச்சு கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பாக இருப்பதுதான். அந்தச் சொரசொரப்புக்குள் சந்தனம் இறங்கிவிட்டால் பட்டா போட்ட மாதிரி. ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒரு மணி நேரம் தேய்த்து ஒரு வால் இறக்கையை மீட்டேன். குங்குமம் போய்விட்டது, ரோஸ் கலர் நிற்கிறது.

மாடலை ஒட்டி முடிக்க ஒரு மாதம் போதும். அதை வைத்துக் காப்பாற்ற ஆயுசு போதாது, அதிலும் சோமனூரில். மற்ற ஊர்த் தூசி ஊதினால் போகும். எங்கள் ஊர்த் தூசி பஞ்சு. ஊதினால் எழுந்து, கொஞ்சம் யோசித்து, அடுத்த விமானத்தின் மேல் போய் உட்காரும். டைகர் மோத் என்று ஒரு பழைய பயிற்சி விமானம் வைத்திருக்கிறேன், மேலொன்று கீழொன்று இரட்டை இறக்கை, நடுவே குறுக்கும் நெடுக்கும் கம்பிகள். தீபாவளி ஆர்டர் ஓடுகிற மாதங்களில் அதற்குத் தாடி முளைத்துவிடும். பாப்பாவின் டான்ஸ் மேக்கப் பிரஷ்தான் அதற்கு வாகாக இருக்கிறது. பிரஷ் எங்கே போனது என்று வீட்டில் இன்னும் பஞ்சாயத்து நடக்கிறது, நானும் சேர்ந்து தேடுகிறேன்.

அடுத்தது அதிர்வு. ஷோகேஸ் சாய்ந்திருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்குடோன். ராத்திரி மேற்கே பார்த்து நிறுத்திய விமானம் காலையில் தெற்கே பார்க்கும். பாகிஸ்தானின் சேபர் விமானம் தட்டு நீளத்துக்கு நகர்ந்து வந்து நாட் விமானத்தின் வாலைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 1971இல் முடிந்த சண்டையை எங்கள் தறி தினமும் திரும்ப நடத்துகிறது. டபுள் சைடு டேப் ஒட்டிப் பார்த்தேன். எடுக்கும்போது சக்கரம் தட்டோடு தங்கிவிடுகிறது. ஜன்னலோரம் வைக்கலாம் என்றால் மேற்கு வெயில் பட்டு, இறக்கையில் இருக்கிற மூவர்ண வட்டம் வெளுத்துவிடும்.

அட்டாலியை, அதாவது பரணைப் பற்றி யாரும் பேச வேண்டாம். பாப்பா சீருக்கு ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வரப் போகிறார்கள் என்று ஒரு பெட்டி நிறைய மாடல்கள் அங்கே ஏறின. துணி என்று நினைத்தாரோ என்னவோ, அம்மா உள்ளே ஒரு கை பாச்சை உருண்டையை அள்ளிப் போட்டிருந்தார். இந்தக் கிட்டுகள் எல்லாம் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். நாங்கள் ஒட்டுகிற பசையே அதை இளக்கித்தான் ஒட்டும். அந்த வேலையைப் பாச்சை உருண்டை ஆவியும் ஆற அமரச் செய்யும். பெட்டியைத் திறந்தபோது உருண்டை பட்ட இடமெல்லாம் இறக்கை கொழகொழத்து, இரண்டு விமானம் ஒன்றாகிக் கிடந்தது. ஒரு பூச்சி அரிக்கவில்லை என்பதை அம்மா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

சரி, பொட்டுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் பொட்டு, சேபருக்கு மட்டும் இல்லை. அது யாருடையது என்று பெரியவனிடம் விசாரித்திருக்கிறார். பாகிஸ்தானுடையது என்றிருக்கிறான். "எதிராளி வண்டிக்கு நாம எதுக்குப் பொட்டு வெக்கோணும்?" அதே கணக்கில் பேட்டன் டாங்கியும் ஓரமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அப்பா குறுக்கே வந்து, 65 சண்டையில் பஞ்சாபின் அசல் உத்தரில் பேட்டன்களை நம்மவர்கள் பிடித்து வந்து ஊர் ஊராக நிறுத்தியிருக்கிறார்கள், அதனால் அது நம்முடையது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். உடனே அதற்கும் பொட்டு.

நாட் விமானத்துக்கு மட்டும் பொட்டு பெரிதாக இருந்ததற்கும் அப்பாதான் காரணம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் ஒற்றை நாட் விமானத்தோடு சேபர்களை எதிர்த்து உயிரை விட்டவர் நிர்மல்ஜித் சிங் செகோன். பரம்வீர் சக்ரா வாங்கிய ஒரே விமானப்படைக்காரர். அவருடைய 18ஆவது ஸ்குவாட்ரன்தான் 2020இல் தேஜஸ் விமானங்களோடு பக்கத்துச் சூலூரில் மறுபடி தொடங்கியது. "அன்னாடும் நம்ம ஊட்டு மேல போனாங்களே, அவிகளா?" என்று கேட்டுவிட்டு, அம்மா இன்னொரு தடவை சந்தனம் குழைத்தாராம். இதைக் கேட்ட பிறகு அந்தக் கூண்டை மட்டும் துடைக்கக் கை போகவில்லை.

சாயங்காலம் பொரி வாங்க வந்தவர்களில் பாவு பிணைக்கிற பெரியவர் ஷோகேஸ் முன்னால் குந்திவிட்டார். ஆயிரக்கணக்கான இழையைக் கையால் பிணைக்கிற ஆள், அவர் கண்ணுக்கு முதலில் பட்டது டைகர் மோத்தின் கம்பி.

"இது எத்தனாம் நெம்பர் நூலுங் தம்பி?"

நூல் இல்லை, பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தது என்றேன். தலையை ஆட்டினார். அப்புறம் பின்வரிசையில் இருந்த சீ ஹாக் என்கிற கடற்படை விமானத்தைக் காட்டி, "இது றெக்கைய மடிச்சு நிறுத்தியிருப்பாங்கல்லங்க?" என்றார்.

தூக்கிவாரிப் போட்டது. கடற்படை 1961இல் ஐஎன்எஸ் ஹன்சா தளத்தைத் தொடங்கியது சூலூரில்தான். 1964இல் கோவாவுக்குப் போய்விட்டது. கடலே இல்லாத எங்கள் ஊருக்குக் கப்பல் விமானங்கள் வந்துபோன காலம் அது. இவர் டவுசர் போட்ட வயசில், அப்பன் சைக்கிள் கேரியரில் போய் வேலியோரம் நின்று பார்த்திருக்கிறார். "எங்கப்பன் கையக் காட்டுனாருங், உள்ள இருந்தவரும் காட்டுனாருங்" என்றார். கொஞ்ச நேரம் பொரியைக்கூடச் சாப்பிடவில்லை. நான் இறக்கையை விரித்து ஒட்டியிருக்கிறேன். மடித்து ஒட்டவும் அந்தக் கிட்டில் வழி இருக்கிறது. மடித்தால் இடம் மிச்சம். கப்பல்காரனுக்கும் எனக்கும் ஒரே கவலை. இன்னொரு கிட் வாங்கி மடித்து ஒட்டிக் காட்டுகிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

ஏன் என்றால், தீபாவளிக்குள் ஷோகேஸைக் காலி செய்து, மச்சான் சீரில் வைத்த டின்னர் செட்டுக்கு இடம் விட வேண்டும் என்று வீட்டுக்காரி எனக்கு ஏற்கெனவே வைத்த கெடு. ராத்திரி அந்தப் பேச்சு மறுபடி வந்தபோது அம்மா ஒரே போடாகப் போட்டார்: "பூசை போட்டத அட்டாலிக்கு ஏத்தக் கூடாது அம்மிணி." எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரோஸ் கலர் வால் இறக்கை எல்லாம் போனால் போகட்டும், நிரந்தரக் குடியுரிமை கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்காரி அசரவில்லை. "ஏனுங்கத்தை, பூசை போட்டதுன்னா வெள்ளிக்கெழமதோறும் சாம்பிராணி காட்டோணுமல்லங்க?"

அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்கிற மாதிரி. கண்ணாடியைத் திறந்து வைத்துத்தான் காட்டணுமாம். சாம்பிராணி பிசின். புகை படிந்தால் பிசுபிசுப்பு நிற்கும், பிசுபிசுப்பில் பஞ்சு ஒட்டினால் எந்த மேக்கப் பிரஷ்ஷும் எடுக்காது. தறி காலையிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. நாளைக்கு வெள்ளிக்கிழமை.