இருவரும் சேர்ந்து எழுதிய மனு

எங்கள் மணவிலக்கு மனுவின் முதல் வரைவிலேயே ஒரு பிழை இருந்தது. திருமண நாள் என்ற இடத்தில் 2012 தை மாதத் தேதி ஒன்றைக் கொடுத்திருந்தேன். மலேசியாவின் பட்டர்வொர்த்தில் கோயிலில் தாலி கட்டிய நாள் அது. வழக்கறிஞர் பதிவுச் சான்றிதழை என் பக்கம் திருப்பி வைத்து, "சட்டத்துக்கு நீங்கள் மனைவியானது இந்தத் தேதியில், அம்மா" என்று விரலை வைத்துக் காட்டினார். 2011 ஆகஸ்ட். நம்மில் பலரைப் போல நாங்களும் முதலில் பதிவு செய்துவிட்டு, மண்டபம் கிடைத்த பிறகு ஊரறியத் தாலி கட்டிக்கொண்டவர்கள். பதினோரு ஆண்டுகளாகத் தை மாதத்தில்தான் திருமண நாள் கொண்டாடியிருக்கிறோம். பதிவுத் தேதி எனக்கு மறந்தே போயிருந்தது.

முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதிவாகி இரண்டு ஆண்டு நிறையாதவர்கள் பொதுவாக மனுச் செய்ய முடியாது. அதன் பிறகு இரண்டு வழிகள். கணவன் மனைவி இருவரும் ஒப்புக்கொண்டால் 52ஆம் பிரிவின்படி கூட்டு மனு. ஒருவர் மறுத்தால் மற்றவர் தனி மனுச் செய்ய வேண்டும். அதற்கு முன் பெரும்பாலும் தேசியப் பதிவுத் துறையின் சமரச மன்றத்துக்குப் போய், சமரசம் ஆகவில்லை என்ற சான்றிதழ் பெற வேண்டும். என் தோழி அப்படிப் போனவள். அந்த மன்றத்தில் வழக்கறிஞர் உடன் நின்று பேச முடியாது என்பது அவளுக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தனியாக உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு வந்தவள் அன்று முழுவதும் அழுதாள். நாங்கள் கூட்டு மனுவுக்கே இணங்கினோம். ஒரே வழக்கறிஞர், செலவு பாதிப் பாதி. பணம் இல்லாதவர்கள் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ முதலில் போய்ப் பாருங்கள்.

தாள்கள் அதிகமில்லை. அடையாள அட்டைகள், பதிவுச் சான்றிதழ், மகளின் பிறப்புப் பத்திரம். ஆனால் மகளின் பத்திரத்தில் என் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. பள்ளியிலும் மருத்துவமனையிலும் யாருமே கவனிக்காத அந்த ஓர் எழுத்துக்காக, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று மனுவோடு சேரும் சத்தியப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருந்தது. வழக்கறிஞரிடம் போவதற்கு முன்பே எல்லாப் பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். சத்தியப் பிரமாண ஆணையரிடம் போகும்போது அசல் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அவர் முன்னால்தான் கையெழுத்து. வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால் செல்லாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது மனுவின் நிபந்தனைகளைப் பற்றி. என் அக்காள் உட்பட எல்லோரும், "கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வா, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். எனக்கும் அந்த நேரத்தில் அதுதான் வேண்டியிருந்தது. வரைவு முழுக்க மலாய் மொழியில். "தந்தைக்கு நியாயமான அளவில் பிள்ளையைப் பார்க்கும் உரிமை உண்டு" என்று ஒரே வரி. இரவு சமையலறையில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நியாயம் எது என்று ஒத்துப்போக முடியாமல்தானே இந்த மனுவையே எழுதுகிறோம்! மறுநாள் என் கணவரைக் கூப்பிட்டேன். மூன்று வாரம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசி எழுதினோம். மாதத்தில் எந்தச் சனி, ஞாயிறு. பள்ளி விடுமுறையில் எந்தப் பாதி. தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு யாருடன் போவாள். தீபாவளி ஒற்றைப்படை ஆண்டில் என்னிடம், இரட்டைப்படை ஆண்டில் அவரிடம். முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு வந்து அழைத்துக்கொள்ள வேண்டும். கடப்பிதழ் யாரிடம் இருக்கும் என்பதுகூட.

ஜீவனாம்சத்திலும் அப்படியே. எவ்வளவு, மாதம் எத்தனையாம் தேதிக்குள், எந்த வங்கிக் கணக்கில் என்று எழுதினோம். தொகையும் தேதியும் ஆணையில் தெளிவாக இருந்தால்தான், நாளைக்குப் பணம் நின்றுபோனால் சம்பளத்திலிருந்து பிடித்துத் தரும்படி நீதிமன்றத்தைக் கேட்பது எளிது. இன்னொன்று: பிள்ளைக்கான செலவு 18 வயதோடு முடிந்துவிடும் என்பது பழைய கதை. 2018 டிசம்பரில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, மேற்படிப்பில் இருக்கும் பிள்ளைக்கு அது முடியும் வரை தர வேண்டும். எங்கள் வரைவில் 18 என்று மட்டுமே இருந்தது. நான் கேட்டதும் வழக்கறிஞர் மறுபேச்சின்றி மாற்றினார். கேட்காமல் இருந்திருந்தால்?

விசாரணை நாள் 2023 செப்டம்பரில் வந்தது. அக்காளும் நானும் ஃபெரியில் பினாங்குத் தீவுக்கு வந்து, படகுத்துறையிலிருந்து லைட் ஸ்ட்ரீட் உயர்நீதிமன்றத்துக்கு நடந்தே போனோம். அவர் எனக்கு முன்பே வந்து, எங்கள் வரவேற்புக்குத் தைத்த நீலச் சட்டையில் நின்றுகொண்டிருந்தார். நீதிபதி இருவரையும் தனித்தனியாக, சுய விருப்பத்தோடுதான் பிரிகிறீர்களா என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. மலாயில் கேட்டபோது அது ஒரு கேள்வியாக மட்டும் இருந்தது. பிறகு நீதிபதி மகளின் ஏற்பாடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து, "இதை யார் எழுதியது?" என்றார். "இருவரும் சேர்ந்து எழுதினோம்" என்று என் கணவர்தான் பதில் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்தது.

முடிந்தது என்று நான் நினைத்தேன். அன்று கிடைப்பது 'டிக்ரி நிசி' என்னும் இடைக்கால ஆணைதான். அது முழு ஆணையாக வழக்கமாக மூன்று மாதம் ஆகும். அதுவரை சட்டப்படி நீங்கள் மணமானவர், மறுமணம் கூடாது. முழு ஆணையின் முத்திரையிட்ட நகலோடு தேசியப் பதிவுத் துறைக்குப் போய் மணவிலக்கைப் பதிவு செய்தேன். நகல்கள் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வங்கியிலும் வீட்டுக் கடனிலும் கேட்டார்கள். ஊழியர் சேமநிதியில் நமக்குப் பின் பணம் பெற நியமித்த பெயர் மணவிலக்கானதும் தானாக மாறாது. அதை நீங்களேதான் போய் மாற்ற வேண்டும்.

2024 இரட்டைப்படை ஆண்டு. தீபாவளிக்கு முந்தைய மாலை ஆறு மணிக்கு அவர் வாசலில் வந்து நின்றார். மகள் காலையிலேயே புதுப் பாவாடையை மடித்துப் பையில் வைத்திருந்தாள். அவள் பாட்டிக்கு என் கை முறுக்கு பிடிக்கும். ஒரு டின் நிறையப் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.