அனைத்துக் கட்சி நினைவேந்தல்: மேடையில் எதிரணி உட்காரும்போது

ஒரு தலைவர் மறைந்தால் நம் ஊர்களில் அன்று மாலையோ மறுநாளோ மௌன ஊர்வலம் கிளம்பிவிடும். கருப்புப் பட்டை குத்திக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வந்து, பேருந்து நிலையம் எதிரே நான்கு வார்த்தை பேசிக் கலைவார்கள். துக்கத்தின் வேகமே அதை நடத்திவிடும். ஆனால் பத்துப் பதினைந்து நாள் கழித்து, வாழ்நாளெல்லாம் அவரை எதிர்த்தவர்களையும் ஒரே மேடையில் உட்காரவைக்கும் நினைவேந்தல் அப்படித் தானாக நடக்காது. அதற்கு ஒரு வாரத்து வேலை இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வருகிறவர்கள் தங்கள் கொள்கையை வாசலில் கழற்றிவைத்துவிட்டு வர வேண்டியதில்லை. 1953இல் இராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தவர் பெரியார். 1972 டிசம்பர் 25 அன்று இராஜாஜி மறைந்தபோது, 93 வயதில் சக்கர நாற்காலியில் இறுதி நிகழ்ச்சிக்கு வந்து கண்ணீர் விட்டவரும் அவர்தான். எதிர்த்ததில் ஒரு வரியைக்கூட அவர் திரும்பப் பெறவில்லை. அந்த மரியாதைக்கு எடை வந்ததே அதனால்தான். எனவே கரைவேட்டி வேண்டாம், சிவப்புத் துண்டு வேண்டாம் என்றெல்லாம் யாரிடமும் சொல்லாதீர்கள். அந்தந்தக் கட்சிக்காரராகவே வந்து வணங்கட்டும். வேண்டாதது முழக்கம் மட்டும்தான்.

அழைப்பில்தான் பாதிக் கூட்டங்கள் கெடுகின்றன. மறைந்தவரின் கட்சியே தனியாக அழைத்தால் மற்றவர்களுக்கு அது கட்சிக் கூட்டம். வழக்கறிஞர் சங்கமோ வணிகர் சங்கமோ தமிழ்ச் சங்கமோ அழைப்பது நல்லது. கட்சியே அழைப்பதாக இருந்தால், தலைமை தாங்குபவராவது வெளியாளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்சி அலுவலகத்துக்கும் இரண்டு பேர் நேரில் போங்கள், அதில் ஒருவர் மறைந்தவரின் கட்சிக்காரராக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் அழைப்பிதழ் அனுப்பிவிட்டு, வரவில்லையே என்று வருத்தப்படுவதில் நியாயமில்லை. யார் பேசுவது என்பதை அந்தக் கட்சியே முடிவு செய்யட்டும். கேட்காமல் பெயரை அச்சடித்தால், மேலிடத்தின் அனுமதி இல்லை என்று கடைசி நேரத்தில் நின்றுவிடுவார்கள். இரண்டாகப் பிரிந்த கட்சி என்றால் இரு தரப்பையும் அழையுங்கள், பக்கத்துப் பக்கத்து நாற்காலி போடாதீர்கள்.

துண்டறிக்கையில் கட்சிகளின் பெயர் அகர வரிசையில், எல்லாம் ஒரே எழுத்தளவில் இருக்கட்டும். ஆளுங்கட்சி முதலில், பெரிய கட்சி முதலில் என்று ஆரம்பித்தால் அதற்கு முடிவே கிடையாது. படம் மறைந்தவருடையது மட்டும். சாலையோர பிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். 2019இல் சென்னையில் பேனர் சரிந்து, இரு சக்கர வாகனத்தில் போன ஓர் இளம்பெண் இறந்த பிறகும் இதை விளக்க வேண்டியிருக்கிறது என்பதே வேதனை. மண்டபத்துக்குள் மேடைக்குப் பின்னால் ஒரு பதாகை போதும். அதில் 'நினைவேந்தல்' என்று எழுதினால் யாருக்கும் உறுத்தாது. 'வீரவணக்கம்', 'செவ்வணக்கம்' எல்லாம் அந்தந்த இயக்கத்தின் சொந்தச் சொற்கள். பேசுபவர் தன் வாயால் சொல்லட்டும்.

குடும்பத்தாரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை மூன்று. எந்தப் படம்? குத்துவிளக்கு, இறைவணக்கம் உண்டா? குடும்பத்தில் யாராவது பேசுவார்களா? பகுத்தறிவாளராக வாழ்ந்தவர் படத்தின் முன் விளக்கேற்றி, 'ஆன்மா சாந்தியடைய' என்று தொடங்கினால் முதல் வரிசையே எழுந்து போய்விடும். பக்தராக வாழ்ந்தவருக்கு விளக்கை மறுப்பதும் அதே அளவு தவறு.

படம் மூன்றடிக்கு நான்கடி இருந்தால் கடைசி வரிசைக்கும் முகம் தெரியும். கண்ணாடிச் சட்டம் போட்டால் விளக்கொளி பட்டு முகம் மறையும், அதனால் சற்று முன்பக்கம் சாய்த்து வையுங்கள். மாலை ஒன்றே ஒன்று, அதைத் தலைமை தாங்குபவர் அணிவிக்கட்டும். மற்றவர்களுக்கு உதிரிப்பூ. ஒரு கைப்பிடிக்கு 15 முதல் 20 கிராம் என்று வைத்தால் இருநூறு பேருக்கு நான்கு கிலோ போதும். ஆளுயர மாலைகளை அனுமதித்தால் ஐந்தாவது மாலையில் படம் புதைந்துவிடும், யாருடைய மாலை மேலே என்ற போட்டியும் வரும். பொன்னாடை, நினைவுப்பரிசு எதுவும் கூடாது. இந்த மேடையில் கௌரவிக்கப்பட வேண்டியவர் ஒருவர்தான்.

கட்சிக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது அந்தந்தக் கட்சியின் விருப்பம். முதலில் உச்சிவரை ஏற்றிப் பிறகு பாதிக்கு இறக்குவதே முறை. இறக்கும்போதும் மறுபடி உச்சிக்கு ஏற்றித்தான் இறக்க வேண்டும். தேசியக் கொடியின் விஷயம் வேறு. அதை அரைக்கம்பத்தில் பறக்கவிட அரசு அறிவிப்பு வேண்டும், சங்கமோ கட்சியோ தானாகச் செய்யக் கூடாது.

மௌன அஞ்சலி இரண்டு நிமிடம் என்று அறிவித்துவிட்டு நாற்பது நொடியில் முடிக்கிறார்கள். கடிகாரம் பார்க்க ஓர் ஆளை நியமியுங்கள். மைக்கை அணைக்கச் சொல்லுங்கள், அதன் இரைச்சல் மௌனத்தில்தான் பெரிதாகக் கேட்கும். முடிந்ததும் 'அமரலாம்' என்ற ஒரு சொல் போதும்.

நேரக் கணக்கை ஏமாறாமல் போட வேண்டும். பன்னிரண்டு கட்சி, ஆளுக்கு ஐந்து நிமிடம், மொத்தம் ஒரு மணி நேரம் என்று காகிதத்தில் வரும். ஐந்து நிமிடம் தந்தால் எட்டு நிமிடம் பேசுவார்கள். ஆக, 96 நிமிடம். அஞ்சலி, குடும்பத்தார் உரை, தலைமையுரை எல்லாம் சேர்த்தால் இரண்டரை மணி நேரம். ஆறு மணிக்குத் தொடங்கினால்தான் எட்டரைக்கு முடியும். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். நான்காவது நிமிடத்தில் துண்டுச்சீட்டு தரும் ஆள், எல்லோரும் மதிக்கும் மூத்தவராக இருந்தால் பேச்சு நிற்கும்.

மறைந்தவரோடு தேர்தலில் நேருக்கு நேர் மோதியவரை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பேசவையுங்கள். முதலில் விட்டால் அரங்கம் இன்னும் அடங்கியிருக்காது. கடைசியில் விட்டால் பாதிப்பேர் கிளம்பியிருப்பார்கள். என் மதிப்பில் அந்த ஐந்து நிமிடம்தான் நினைவேந்தலின் உயிர். சொந்தக் கட்சிக்காரர் புகழ்வது கடமை, எதிர்த்தவர் சொல்வது சாட்சியம்.

அந்தப் பேச்சைத் தயாரிப்பவருக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் உண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஐந்நூறு சொல் தாராளம். மறைந்தவர் பதவியில் செய்த ஒரு வேலையை ஆண்டு, துறை, ஊர் சேர்த்துச் சொல்லுங்கள். கருத்து வேறுபாட்டை ஒரே வாக்கியத்தில், மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு, நேரில் கண்ட ஒரு குணம்: மன்றக் கூட்டத்தில் குறுக்கிடாமல் கேட்டது, தோற்ற மறுநாள் வீடு தேடி வந்து வாழ்த்தியது போல. 'எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்' என்பது யாருக்கும் பொருந்தும், ஆகவே அது யாரைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. தொகுதி, ஆண்டு, வாக்கு வித்தியாசம் ஆகியவற்றைத் தேர்தல் ஆணையப் பதிவிலும், பெற்றோர் பெயரையும் பிறந்த ஊரையும் குடும்பத்தாரிடமும் சரிபாருங்கள். மேடையில் ஆண்டைத் தவறாகச் சொன்னால் மறைந்தவரின் தொண்டர்கள் கீழிருந்தே திருத்துவார்கள், அதோடு பேச்சு போயிற்று.

சொல்லக் கூடாதவற்றில் முதலிடம் 'நல்ல மனிதர், இருந்த இடம்தான் சரியில்லை' என்பதற்கு. பாராட்டுப்போல் ஒலித்தாலும், அவர் வாழ்நாளைக் கொடுத்த கட்சியை அது பழிக்கிறது, அவருடைய தேர்வையும் மதிக்காமல் தள்ளுகிறது. 'கடைசிக் காலத்தில் எங்களோடு வர நினைத்தார்' என்பது அதைவிட மோசம், மறுக்க அவர் இல்லை. தங்கள் தலைவரோடு ஒப்பிடுவதும் அப்படித்தான்.

பதவியில் இருக்கும்போது சட்டமன்ற உறுப்பினர் மறைந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை. மீதிப் பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் ஒழிய, ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்பது பொது விதி. மேடையில் வாரிசு என்ற சொல் விழுந்தால் கூட்டம் பிரச்சாரமாகிவிடும். இதைத் தலைமை தாங்குபவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

தீர்மானம் ஒன்றுதான்: இரங்கல். சிலை வேண்டும், பேருந்து நிலையத்துக்குப் பெயர் வேண்டும் என்று அதோடு கோரிக்கையைச் சேர்த்தால் ஒத்துப்போகாத கட்சி தர்மசங்கடத்தில் மாட்டும். பொதுச் சாலையில் சிலை வைக்க 2013இலேயே உச்ச நீதிமன்றம் தடை போட்டிருக்கிறது. அந்தப் பேச்சுக்கு வேறு நாள் இருக்கிறது, பொறுத்தால் எதிரணியே செய்யவும் கூடும். 1967இல் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தது தி.மு.க. 1975 அக்டோபர் 2 அன்று அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு கிண்டியில் இறுதி நிகழ்ச்சி நடத்தியதும் கருணாநிதி தலைமையிலான தி.மு.க. அரசுதான். காமராஜர் பிறந்த ஜூலை 15ஐக் கல்வி வளர்ச்சி நாளாக்கியதும் அவர்தான், 2006இல்.

தீர்மானத்தை எல்லோரும் எழுந்து நின்று கேட்கட்டும். வந்த கட்சிகள் அனைத்தின் பிரதிநிதிகளும் கையெழுத்திட்ட மூலப்படி குடும்பத்துக்கு, நகல் கட்சி அலுவலகத்துக்கு. பேச்சுகளின் ஒலிப்பதிவை வெட்டாமல் ஒரு பென்டிரைவில் போட்டு அதோடு சேர்த்துக் கொடுங்கள். இருபது நொடித் துண்டுகளாக வெட்டிச் சமூக ஊடகத்தில் யாராவது போட்டால், முழுப்பேச்சு எது என்று காட்ட அது ஒன்றுதான் இருக்கும்.