பொக்காவேயில் ஏழாவது ஆட்டம்

வேனில் ஏறப் போன என்னை நண்பரின் அப்பா நிறுத்தினார். நான் போட்டிருந்தது நீலச் சட்டை. ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போனவர், மடித்து வைத்திருந்த ஒரு சிவப்பு பனியனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். முதுகில் 7 என்ற எண், பாதி உரிந்துபோயிருந்தது. துவைத்துத் துவைத்து துணி மல் மாதிரி மெலிந்திருந்தது. போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் வேன் கிளம்பியது.

2023 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை. பாரங்காய் ஹினேப்ரா அணிக்கும் ஹாங்காங்கிலிருந்து விருந்தாளியாக வந்து ஆடிய பே ஏரியா டிராகன்ஸ் அணிக்கும் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து லீக்கில் கமிஷனர்ஸ் கோப்பையின் இறுதிப் போட்டி. கிறிஸ்துமஸ் அன்று தொடங்கிய தொடர். ஆளுக்கு மூன்று ஆட்டம் ஜெயித்து, ஏழாவதில் வந்து நின்றது. வேலைக்காக மணிலா போயிருந்த எனக்கு அப்படி ஒரு நாள் வாய்த்தது.

வேனில் ஒன்பது பேர். மடியில் சோறும் அடோபோ என்கிற கறிக்குழம்பும் அடைத்த டப்பாக்கள். பெரியவரை எல்லோரும் 'தாத்தாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் பேசும் தகாலோக் மொழியில் அது அப்பா. என் காதுக்கு அது தாத்தா என்றே விழுந்தது, நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

பிலிப்பைன்ஸ் கூடைப்பந்து லீக் 1975-ல் தொடங்கியது. ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக் அதுதான். அணிகளுக்கு ஊர்ப் பெயர் கிடையாது, எல்லாம் கம்பெனிப் பெயர்கள்: பியர், பெயிண்ட், டெலிபோன், மின்சாரம். ஹினேப்ரா என்பது ஒரு ஜின். அந்த பாட்டிலின் லேபிளில் மிக்கேல் சம்மனசு வாளை ஓங்கிச் சாத்தானை மிதித்துக்கொண்டு நிற்பார். 1917-ல் அதை வரைந்தவர் ஃபெர்னாண்டோ அமோர்சோலோ, பின்னால் அந்த நாட்டின் முதல் தேசியக் கலைஞர் என்று கௌரவிக்கப்பட்டவர். பாரங்காய் என்றால் ஊர், நம் கிராமப் பஞ்சாயத்து அளவில் ஒரு வட்டாரம். எந்த ஊருக்கும் சொந்தமில்லாத அணி என்பதால்தானோ என்னவோ, ஊர் ஊராக எல்லோரும் அதைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள்.

சிவப்பு பனியனின் 7 யாருடையது என்று கேட்டதும் தாத்தாய் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். ஹினேப்ராவின் பழைய ஆட்டக்காரர் ராபர்ட் ஜாவோர்ஸ்கி. 1985-ல் ஓர் ஆட்டத்தில் எதிரணிக்காரரின் முழங்கை பட்டு உதடு கிழிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய் ஒன்பது தையல் போட்டுக்கொண்டு, ஆட்டம் முடிவதற்குள் திரும்பி வந்துவிட்டார். தோற்றுக்கொண்டிருந்த அணி ஜெயித்தது. தாத்தாய் தன் கீழுதட்டில் விரலால் ஒவ்வொரு தையலாக எண்ணிக் காட்டினார். எண்ணி முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. எந்த நிலையிலும் விடாத அணி என்று ஹினேப்ராவுக்கு இருக்கும் பெயர் அந்த ராத்திரியில்தான் நிலைத்தது என்றார்.

பொக்காவே மணிலாவுக்கு வடக்கே, புலகான் மாகாணத்தில் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் சாலையில் முன்னாலும் பின்னாலும் சிவப்புக் கொடி கட்டிய வண்டிகள். பிலிப்பைன் அரீனாவுக்குள் நுழைந்து, படி ஏறி ஏறி மேலே போய் உட்கார்ந்தால், ஆடுகளம் ஒரு தபால் தலை அளவுக்குத்தான் தெரிந்தது. அன்று வந்தவர்கள் 54,589 பேர் என்று அறிவித்தார்கள். அந்த லீக்கின் வரலாற்றிலேயே அதுதான் மிகப் பெரிய கூட்டம். "ஹி-நே-ப்ரா! ஹி-நே-ப்ரா!" என்று அத்தனை பேரும் கத்தும்போது பிளாஸ்டிக் நாற்காலி அதிர்வது தொடையில் தெரிந்தது.

அங்கே ஒரு சீசனுக்கு மூன்று கோப்பை. பிலிப்பைன் கோப்பையில் உள்ளூர்க்காரர்கள் மட்டும். மற்ற இரண்டில் அணிக்கு ஒரு வெளிநாட்டு வீரரை இறக்கலாம். அவரை 'இம்போர்ட்' என்பார்கள். அந்த சீசனின் முதல் கோப்பை சான் மிகேல் அணிக்குப் போய்விட்டது. 1980-க்குப் பிறகு வெளிநாட்டு விருந்தாளி அணி எதுவும் அந்த லீக்கில் கோப்பை வாங்கியதில்லை. அதனால் அன்றைக்கு அது வெறும் கிளப் ஆட்டமாக இல்லை.

ஹினேப்ராவின் இம்போர்ட் ஜஸ்டின் பிரவுன்லீ, அமெரிக்கர். 2016-ல் கடைசி நொடியில் ஒரு மூன்று புள்ளி போட்டு, எட்டு வருடம் கோப்பையே பார்க்காத அணிக்கு அதை வாங்கித் தந்தவர். அவருக்குக் குடியுரிமை தரும் சட்டம் அந்த வாரம்தான் கையெழுத்தாகியிருந்தது. அவர் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் எனக்கு முன் வரிசையில் இருந்த அம்மாள் ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அன்று பிரவுன்லீ எடுத்தது 34 புள்ளி. 114-99 என்று ஹினேப்ரா ஜெயித்தது. முடிவதற்கு முன்பே யாரும் உட்காரவில்லை. தாத்தாய் மட்டும் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகில் கை வைத்தேன். வேறு என்ன செய்ய என்று தெரியவில்லை.

மறுநாள் பிரவுன்லீ பிலிப்பைன்ஸ் குடிமகனாக உறுதிமொழி எடுத்தார்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் சீசனை விட முடியவில்லை. மார்ச்சில் நண்பரிடமிருந்து ஒரு செய்தி: ஹினேப்ரா ஆட்டக்காரர் எல்.ஏ. தெனோரியோவுக்குப் பெருங்குடல் புற்றுநோய், மூன்றாம் நிலை. 2006-ல் ஆடத் தொடங்கியதிலிருந்து ஓர் ஆட்டம்கூடத் தவறாமல், தொடர்ந்து 744 ஆட்டம் ஆடிய மனிதர். பொக்காவேயில் அந்த உயரத்திலிருந்தும் என்னால் அடையாளம் கண்டுகொள்ள முடிந்த சிறிய உருவம் அவர்தான். ஏப்ரலில், சீசனின் மூன்றாவது கோப்பையான கவர்னர்ஸ் கோப்பை இறுதியில் டி.என்.டி. அணியிடம் 4-2 என்று ஹினேப்ரா தோற்றது. அந்த ராத்திரி ஃபோன் பண்ணினேன். தாத்தாய் தோல்வியைப் பற்றிப் பேசவே இல்லை. தெனோரியோ கீமோவை நன்றாகத் தாங்குகிறாராம், அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

தெனோரியோ அந்த வருடம் முடிவதற்குள் ஆடுகளத்துக்குத் திரும்பிவிட்டார். அந்த ஆட்டத்தின் படம் ஒன்றை நண்பர் அனுப்பியிருந்தார், டிவிக்கு முன்னால் நின்று எடுத்தது. ஓரத்தில் தாத்தாயின் கை, திரையில் இருந்த தெனோரியோவின் 5-ஆம் எண்ணைத் தொட்டபடி.