ஐப்பசியில் செட்டிநாடு

செட்டிநாட்டைப் பார்க்கப் பெரும்பாலோர் தை, மாசியில்தான் வருகிறார்கள். படம் எடுக்க வசதியான காலம், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் மழையையும் சாமியையும் ஏன் பிரித்துப் பார்ப்பதில்லை என்பது புரிய வேண்டுமானால், ஐப்பசி அடைமழையில் வரவேண்டும். சென்னை எழும்பூரில் பல்லவன் ரயில் ஏறினால் அன்றிரவே காரைக்குடி.

முதலில் கானாடுகாத்தான். பார்வைக்குத் திறந்திருக்கும் பெரிய வீடு ஒன்றில், மழை பெய்யும்போது வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், போய் நில்லுங்கள். கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருப்பதால் ஓட்டுத்தண்ணீர் நாலு பக்கமிருந்தும் உள்ளேதான் கொட்டும். முதல் மழை ஓட்டுத் தூசியைக் கழுவிப் போய்விடும். அடுத்த மழைக்கு மூலையில் அண்டா வைப்பார்கள். மிச்சம் முற்றத்துத் துவாரம் வழியாக வெளியேறும். அதில் நாலு இலை அடைத்துக்கொண்டால் போதும், தண்ணீர் எதிர்த்து ஏறும். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரத்தில் வழுக்கும், ஜாக்கிரதை.

காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டதால் இங்கே வந்தோம் என்பது இவ்வூர்ச் செட்டியார்களான நகரத்தார் வழிவழியாகச் சொல்லும் கதை. தண்ணீருக்குப் பயந்து வந்து சேர்ந்த இடத்திலோ வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வானம் பார்த்த பூமி. அதனால் குடிக்க ஊருக்கு ஊர் ஊருணி, வயலுக்குக் கண்மாய். ஊருணியை மட்டும் பார்த்துத் திரும்பாமல் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலோடு கொஞ்சம் நடந்து பாருங்கள். மழை பெய்தும் ஊருணி நிரம்பவில்லை என்றால் குற்றம் வானத்தின் மேல் இல்லை. சீமைக்கருவேலும் வீட்டுமனையும் வரத்தை மறித்திருக்கும்.

கண்மாய்க்கரையில் அய்யனார் இருப்பார். கரை உடையாமல் காப்பது அவர் பொறுப்பு. மழையும் விளைச்சலும் வேண்டி அவருக்குப் புரவி எடுப்பார்கள், அதாவது மண்குதிரை செய்து கொண்டுபோய்ப் படைப்பார்கள். ஊரார் பிடிமண்ணாக ஒரு பிடி மண் கொடுத்த பிறகே குயவரான வேளார் வேலையைத் தொடங்குவார். களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து, கால்களை முதலில் நிறுத்தி, அவை இறுகிய பிறகு உடலை மேலே ஏற்றுவார். அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் பிதுங்கும். உடலின் உட்புறம் வெறும் கூடாக இருக்கும். ஆவி போகத் துளை விடுவார்கள். ஈரம் காயாமல் சூளையில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடிக்கும். மழைக்கு எடுக்கும் புரவிக்கு வேண்டியது நல்ல வெயில்! இதில் சாமியின் குறும்பைப் பார்ப்பவர்களும் உண்டு, எனக்கும் அதில் உடன்பாடுதான்.

கோயில்காட்டுக்குள் செருப்பு வேண்டாம், சுள்ளிகூட ஒடிக்கக்கூடாது. உடைந்த பழைய புரவிகளைத் தொடாதீர்கள், ஏறி நின்று படமும் எடுக்காதீர்கள். கண்மாய் நிரம்பி, மிகுநீர் வழியும் கலிங்கில் தண்ணீர் போனால் அதைக் கடக்க முயலவேண்டாம். பாசி படிந்த கல், கால் நிற்காது. இடி இடித்தால் கரையிலிருந்து இறங்கிவிடுங்கள், தனிப் பனைமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.