ஆவணியில் கிணறு பார்த்து வாங்கிய காணி

2022 மே 24ஆம் திகதி பெற்றோல் லீற்றர் 420 ரூபாவானது. ஜூன் 26இல் 470. அதே நாட்களில்தான் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்காரர் வாடகையை 65,000இலிருந்து 90,000 ஆக்கப்போவதாகச் சொன்னார். அவரிலும் பிழை இல்லை, அவருக்கும் வங்கிக் கடன் இருந்தது. இரண்டு அறை, ஒரு சின்னக் குசினி, நான்காம் மாடி. அன்றிரவு மின்வெட்டு. மெழுகுதிரி வெளிச்சத்தில் நானும் இவரும் கொப்பியில் கணக்குப் போட்டோம். வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூட வான், மின்சாரம், தண்ணீர், மாடிப் பராமரிப்பு எல்லாம் சேர்ந்து மாதம் 126,000. இன்னும் ஒருவாய் சோறு சாப்பிடவில்லை.

என் தொழில் மொழிபெயர்ப்பு. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நீதிமன்றத் தீர்ப்பு என்று நாள் முழுக்கத் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும். முத்திரை குத்தி ஒப்பமிட வேண்டிய மூலப் பிரதிகளைக் கூரியரில் வாங்கி அனுப்பலாம், மற்றதெல்லாம் கணினியில்தான். இவர் ஒரு இறக்குமதிக் கடையில் கணக்கு எழுதியவர். வெளிக்கிடலாம் என்று இருவருமே சொல்லிவிட்டோம். எங்கே என்பதுதான் கேள்வி.

முல்லைத்தீவு மாவட்டத்து மல்லாவி என்று சொன்னவர் இவர்தான். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் இவருடையது. அடுத்த வருடம் கிளிநொச்சியும் போக, வன்னியில் இருந்த சனம் மல்லாவிப் பக்கம் ஒதுங்கியது. கடைகளும் அலுவலகங்களும் வந்து அது ஒரு சின்ன நகரம் மாதிரியே இருந்ததாம். இவர் தறப்பாள் கொட்டிலில் இருந்து அங்கே மூன்று வருடம் படித்தவர். "அந்தக் கஷ்டத்திலயும் அந்த ஊர் எங்களைப் பட்டினி போடேல்லை" என்று அடிக்கடி சொல்வார். எனக்கு வன்னி என்றால் ஏ9 வீதியில் பஸ் யன்னலால் பார்த்த காடுதான்.

2023 மார்ச்சில், புதிய வகுப்பு தொடங்கும் நேரம் பார்த்து வந்தோம். லொறிக்கு 72,000 ரூபா. ஏறக்குறைய 300 கிலோமீற்றர், இரவு முழுக்க ஓடி விடியும்போது மாங்குளம் சந்தி. அங்கிருந்து மேற்கே திரும்பியதும் வீதியின் ஒரு பாதியில் நெல் காயப்போட்டிருந்தார்கள். காலபோக அறுவடை முடிந்த நேரம். லொறிச் சாரதி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வேகத்தைக் குறைத்து, நெல்லில் சில்லுப் படாமல் மற்றப் பாதியால் ஓட்டினார். மகள் அப்போதுதான் நித்திரையால் எழும்பினாள். "இது ஆற்ற நெல்லம்மா, களவு போகாதா?" என்று கேட்டாள்.

உடனே காணி வாங்கக் கூடாது என்று மட்டும் முதலிலேயே முடிவெடுத்திருந்தோம். ஒரு மாரியும் ஒரு கோடையும் வாடகைக்கு இருந்து பார்ப்பது, பிறகு யோசிப்பது. எங்கள் பயணத்தில் எடுத்த ஆகச் சரியான முடிவு அதுதான். வாடகை 15,000. ஓட்டு வீடு, பெரிய வளவு, இரண்டு பலா, ஒரு வேம்பு. வீட்டுக்கார அம்மா பக்கத்து வளவில் இருந்தார். எழுபது வயதுக்கு மேல். நான் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

நாங்கள் காணி பார்க்கத் தொடங்கியது தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி விலையைப் பற்றி இல்லை.

"பிள்ளை, கிணத்தை எட்டிப் பாத்தனியே?"

"பாத்தனான் பெரியம்மா. நிறையத் தண்ணி."

"எப்ப பாத்தனி? மார்கழியில. மாரியில பாத்தா எல்லாக் கிணறும் நல்ல கிணறுதான். ஆவணியில போய்ப் பார்."

ஆவணியில் அவரே கூட வந்தார். நாங்கள் மார்கழியில் ஆசைப்பட்ட அதே காணி. கயிற்றில் வாளியைக் கட்டி இறக்கினார். கயிறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு தண்ணீரில் விழும் சத்தத்துக்குப் பதிலாக ஒரு உரசல். மேலே இழுத்தபோது வாளியின் கால்வாசிக்குச் சாம்பல் நிறச் சேறு, அதில் ஒரு குட்டித் தவளை. பெரியம்மா தவளையை எடுத்துப் புல்லில் விட்டுவிட்டு, வாளியைக் கவிழ்த்து, கையின் ஈரத்தைத் துடைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நாங்களும் திரும்பிவிட்டோம்.

கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களை அனுபவிக்காமல் வன்னியில் காணிக்குக் காசு கட்டாதீர்கள் என்று யார் கேட்டாலும் சொல்வேன். புல்லெல்லாம் பழுத்துப்போய், உதடு வெடித்து, மத்தியானத்தில் நாய்கூட வீதிக்கு வராது. அந்த நேரம் கிணற்றில் எத்தனை அடி நிற்கிறதோ அதுதான் அந்தக் காணியின் உண்மையான விலை.

அப்புறம் பத்திரம். இதில்தான் அடிபட்டேன். நொத்தாரிசு உறுதிகளைப் பதினைந்து வருடம் மொழிபெயர்த்தவள் நான். விற்பனை உறுதி, நன்கொடை உறுதி, அற்றோணித் தத்துவப் பத்திரம் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் கொழும்பில் என் மேசைக்குப் பேர்மிட் காணி, அதாவது அனுமதிப்பத்திரக் காணி, வந்ததே இல்லை. வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் அநேகம் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தவை. அனுமதிப்பத்திரக் காணியை விற்க முடியாது. உரியவருக்குப் பிறகு, பின்னுரித்தாளராக அவர் பெயர் குறித்தவருக்குப் போகும். அதற்கு அடுத்த கட்டமான அளிப்புப் பத்திரம் கிடைத்திருந்தாலும் பிரதேச செயலாளரின் முன் அனுமதி இல்லாமல் கை மாற்ற ஏலாது.

2024 பெப்ரவரியில் ‘உறுமய’ திட்டம் தொடங்கிய நேரம். அனுமதிப்பத்திரக் காணிகளுக்கெல்லாம் முழு உரிமை தருவதாக அரசாங்கம் அறிவித்திருந்தது. ஒருவர் தன் காணியைக் காட்டி, "இன்னும் ஆறு மாதத்தில இது உறுதிக் காணி அக்கா, இப்ப வாங்கினா விலை குறைவு" என்றார். கிணறும் நல்ல கிணறு. ஒற்றை வெள்ளைத் தாளில் ஒரு உடன்படிக்கை எழுதி, இரண்டு சாட்சி ஒப்பமிட, ஒரு இலட்சம் முற்பணம் கொடுத்தேன். மறு கிழமை பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் தங்கச்சி கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அக்கா, இது அவருடைய தகப்பன்ர பேரில இருக்கு. தகப்பன் இல்லை. பின்னுரித்துக் குறிக்கப்பட்டது தமையனுக்கு. தமையன் வெளிநாட்டில."

அந்தத் தாள் எதற்கும் உதவாது. பெரியம்மாவும் கோயில் ஐயாவும் போய்ப் பேசியதில் 50,000 திரும்பி வந்தது. மீதி போனது போனதுதான். போரில் பத்திரங்களைத் தொலைத்த சனம் இங்கே எத்தனையோ பேர். பலர் இருக்கும் காணிக்கும் கோப்பில் உள்ள பெயருக்கும் சம்பந்தமே இல்லை. விற்பவர் ஏமாற்றுக்காரர் என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை, தன்னுடையது என்றே அவர் நம்பியிருந்தார். அதனால்தான் சொல்கிறேன், ஆளின் முகத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் முதலில் காணிப் பகுதிக்குப் போங்கள். உறுதிக் காணி என்றால் நொத்தாரிசிடம் முப்பது வருடத் தோம்பு, அதாவது காணிப் பதிவேட்டுப் பிரதி, எடுக்கச் சொல்லுங்கள். காட்டோரம் என்றால் வன இலாகாவின் எல்லைக் கல் எங்கே நிற்கிறது என்று விதானையாரோடு (கிராம சேவையாளரோடு) நடந்து பாருங்கள். கண்ணிவெடி அகற்றிய இடமா என்றும் அவரிடமே கேளுங்கள். ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற நிறுவனங்கள் போருக்குப் பிறகு வருடக் கணக்காக இந்த மண்ணை அங்குலம் அங்குலமாகச் சோதித்தன. அயலில் எந்தத் துண்டு சோதித்து முடிந்தது என்று ஊருக்குள் கேட்டு அறியலாம்.

குடிநீர் வேறு கதை. கிணறு நிறைந்திருந்தாலும் தண்ணீர் வன்மையான தண்ணீர். கேத்திலின் அடியில் மூன்று மாதத்தில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் தகடு படிந்துவிட்டது. கரண்டியால் சுரண்டினால் செதில் செதிலாக வரும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கத்தில் சிறுநீரக நோய் உண்டு என்பதால் நாங்கள் பயந்தோம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதிக்கலாம். நாங்கள் செய்தோம். குளிக்க, சமைக்கக் கிணறு. குடிக்க, சுத்திகரித்த தண்ணீரைக் கானில் வாங்குகிறோம். மாதம் 1,500 ரூபா முடியும்.

மகளின் பள்ளிக்கூடம் பற்றி எழுதாமல் விட்டால் இது உண்மையான பகிர்வாக இராது. விடுகைப் பத்திரம், குடியிருப்பு உறுதி எல்லாம் இரண்டு கிழமையில் சரிவந்தது. ஆனால் முதல் கூட்டத்திலேயே ஒரு தாய் என்னிடம் நேரே கேட்டார்: "இசெட் புள்ளிக்காகவோ பிள்ளையை இஞ்ச கொண்டு வந்தனீங்கள்?" எனக்கு முகம் சுருங்கிப் போனது. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இசெட் புள்ளி என்பது உயர்தரப் பரீட்சையில் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் புள்ளி. பின்தங்கிய மாவட்டத்தில் அது குறைவாக இருந்தாலும் இடம் கிடைக்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படை, 55 வீதம் மாவட்ட அடிப்படை, மிச்சம் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. முல்லைத்தீவு அதில் ஒன்று. இங்கே ஆசிரியர் இல்லாத வகுப்பில் படித்த பிள்ளைக்குரிய இடத்தை, நகரத்து வசதியோடு வளர்ந்த பிள்ளை கடைசி நேரத்தில் வந்து எடுத்தால் அது அநியாயம்தான். நான் அந்தத் தாயிடம் சொன்னேன், ஆறாம் வகுப்பிலிருந்து உங்கள் பிள்ளையோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கப் போகிறாள் என்று. மகளின் வகுப்புக்கு ஒரு வருடம் ஆங்கில ஆசிரியர் இல்லை. சனிக்கிழமைகளில் நான் வாசிகசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கத் தொடங்கினேன். அந்தத் தாயின் மகனும் வருகிறான். எங்கள் வீட்டுப் படலையைத் திறந்து பாலைப்பழம் கொண்டு வருவதும் அவன்தான்.

காசுக் கணக்கைச் சொல்கிறேன். இங்கே வாடகை 15,000, மின்சாரம் 4,500, குடிநீர் 1,500, இவர் கிளிநொச்சியில் ஒரு இரும்புக் கடைக்கு வேலைக்குப் போய்வர பஸ் காசு 8,000, நான் கொழும்புக்குப் போய்வரும் செலவு சராசரி 9,000. மொத்தம் 38,000. கொழும்பு 126,000. மிச்சம் 88,000 என்று சந்தோஷப்படலாம். ஆனால் இவருடைய சம்பளம் 35,000 குறைந்தது. ஆகவே கையில் உண்மையாக நின்றது 53,000. வாடகையை மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து வெளிக்கிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மாமி எங்களோடுதான் இருக்கிறா. ஒரு இரவு அவவுக்கு நெஞ்சு நோ. மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குப் பத்து நிமிடத்தில் கொண்டு போனோம், நல்லாய்க் கவனித்தார்கள். ஆனால் இதய வைத்திய நிபுணரிடம் காட்ட யாழ்ப்பாணம் அனுப்பினார்கள். அம்புலன்சில் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த அந்த நேரம், வந்திருக்கவே கூடாது என்று முதல் தடவையாக நினைத்தேன். மாமி தேறிவிட்டா. இப்போது ஒவ்வொரு மூன்று மாதமும் கிளினிக்குக்குப் போய்வருகிறோம். வயது போனவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்கள் இந்தத் தூரத்தை முதலே யோசிக்க வேண்டும். யானையை விரட்டப் போடும் வெடிச் சத்தத்துக்கு ஒரு மாதத்தில் பழகலாம். இதற்குப் பழக முடியாது.

கடைசியில் வாங்கிய காணியைக் கண்டுபிடித்ததும் பெரியம்மாதான். அரை ஏக்கர், உறுதிக் காணி, தோம்பு சுத்தம். 2024 ஆவணியில் கிணறு பார்த்தோம். நவம்பர் கடைசியில் வடக்கு முழுக்க மழை கொட்டி வெள்ளம் நின்றபோது, இவரும் நானும் முழங்கால் தண்ணீரில் நடந்து போய் மறுபடியும் பார்த்தோம். மதகுக்கு மேலால் தண்ணீர் ஓடியது. பக்கத்து வயல் ஒரே கடல். காணியின் மேற்குப் பாதி மட்டும் மேடாக, ஈரம் மட்டும் பட்டு நின்றது. அங்கேதான் வீடு என்று இவர் ஒரு தடியை நட்டார். 15 இலட்சம். வெள்ளவத்தை வீட்டு முற்பணம் திரும்பி வந்தது, இரண்டு வருடம் சேர்த்தது, கொஞ்சம் சீட்டுக் காசு. 2025 தையில் உறுதி எழுதினோம். அந்த உறுதியின் மொழிபெயர்ப்பையும் நானே செய்து வைத்திருக்கிறேன், யாரும் கேட்கவில்லை.

வீடு இன்னும் முடியவில்லை. இரண்டு அறையும் அடுப்படியும் எழும்பிவிட்டன, பூச்சு வேலை இல்லை. கிணறு வளையக் கிணறு, ஒரு வளையம் இரண்டடி, மொத்தம் பதினான்கு. ஆவணி பிறந்ததும் மகள் குனிந்து எண்ணினாள். பெரியம்மா பக்கத்தில் நின்று அவளுடைய சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணிக்கு மேல பத்து தெரியுது அம்மம்மா."

"அப்ப கீழ நாலு," என்றார் பெரியம்மா. "எட்டடி. காணும். வா, கத்தரிக்கு இறைப்பம்."