டோனாவூருக்கு ஒரு ஸ்தோத்திரப் பயணம்

திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்கள் தேடிப் போகும் தலங்களுக்குக் குறைவில்லை. ஆகஸ்டு மாதம் தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலில் கடற்கரை ஊர்கள் எல்லாம் திரளும். மணப்பாட்டில் மணற்குன்றின்மேல் நிற்கும் திருச்சிலுவைக் கோயிலுக்குச் செப்டம்பரில் போவார்கள். உவரி அந்தோனியாரிடம் எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். பிள்ளைகள் இல்லம் ஒன்று இருக்கும் டோனாவூருக்கு அப்படிப் பெயர்பெற்ற திருவிழா எதுவும் இல்லை. தேரும் சப்பரமும் பார்க்க யாரும் அங்கே போவதில்லை. ஆனாலும் ஒருமுறையாவது போய் நின்று ஜெபிக்க வேண்டிய மண் அது என்று என் அம்மா பல காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அம்மாவுக்கு ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை நடந்து, கர்த்தருடைய கிருபையால் மீண்டுவந்தார்கள். மறுபடி தாமாகவே கோயிலுக்கு நடந்து போகத் தொடங்கியதும் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம். உறையில் பணம் வைத்துப் பெயர் எழுதிக் கொடுத்தாயிற்று. ஞாயிறு ஆராதனையில் எங்கள் சபைப் போதகரான ஐயர் அம்மாவின் பெயரை வாசித்து ஜெபமும் செய்தார். அதோடு அம்மாவின் மனம் அடங்கவில்லை. "பணம் கொடுத்தது சரி. என்னை எழுப்பிவிட்டது எதற்கென்று தெரிய வேண்டாமா?" என்று கேட்டார்கள். டோனாவூருக்குப் போவோம் என்றதும் அவர்கள்தான்.

அம்மாவுக்கு நன்றி என்பது எப்போதும் கைவேலையோடு சேர்ந்தே வரும். உலையில் போட அரிசி அளக்கும்போதே ஒரு பிடி எடுத்துத் தனிச்சட்டியில் போட்டுவிடுவார்கள். பிடியரிசி. சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வீட்டுக்கு அரிசி பற்றாத நாளிலும் அந்தப் பிடி குறைந்ததை நான் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்துச் சபைகள் இப்படிப்பட்ட பிடிகளால் வளர்ந்தவை. ஒவ்வொரு பிடிக்குப் பின்னும் பெயர் தெரியாத ஒரு பெண் இருக்கிறாள்.

பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பினோம். ஊரைவிட்டு வெளியேறுவதற்கு முன் பாப்பாத்தியம்மாள் கோயிலில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும் என்று அம்மா கேட்டுக்கொண்டார்கள். பாளையங்கோட்டைப் பேராலயத்தின் ஊசிக்கோபுர உயரத்தைப் பார்த்துப் பழகிய கண்களுக்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் மிகச் சிறியதாகத் தெரியும். ஆனால் மூத்தது அதுதான். குளோரிந்தா என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற மராட்டியப் பிராமண விதவை 1785இல் கட்டி முடித்த ஆலயம். 1778இல் ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் இருந்த 40 பெயர்களில் முதற்பெயர் அவருடையது. ஊராருக்காக அவர் வெட்டிவைத்த கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றே பெயர் பெற்றது. இரட்சிப்பைப் பெற்றவள் ஆலயத்தோடு நிறுத்தாமல் ஊர் குடிக்கத் தண்ணீருக்கும் வழி செய்தாள் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆராதனையும் தண்ணீரும் அவளுக்கு வேறு வேறாகத் தோன்றியிருக்காது.

நாங்குநேரி தாண்டி மேற்கே திரும்பினால் மலை எதிரே வந்து நின்றுவிடுகிறது. தை மாதம். பிசான நெல் பச்சையாக நின்றது. களக்காட்டுப் பக்கத்து வாழைத்தோட்டங்கள் ஒருபுறம், பனைகள் ஒருபுறம். மகேந்திரகிரியின் தலையில் மேகம். திருக்குறுங்குடி நம்பியைச் சேவிக்கப் போகிறவர்களும் இந்தப் பக்கமாகத்தான் போகிறார்கள்.

ஊருக்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு காணிக்கையால்தான். பாளையங்கோட்டையிலிருந்து ஊழியம் செய்த ரேனியஸ் ஐயரின் காலத்தில், 1827ஆம் ஆண்டு வாக்கில், இங்கே ஆலயமும் குடியிருப்பும் உருவாகப் பணம் அனுப்பியவர் பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா பிரபு. எங்கோ ஒரு ஜெர்மானியக் கனவான் கொடுத்ததற்கு நன்றியாக, மலையடிவாரத்து ஊர் ஒன்று அவர் பெயரை இன்றுவரை சுமக்கிறது.

அந்த ஊரை உலகத்துக்குத் தெரியவைத்தவரோ தம் பெயர் எங்கும் இருக்கக் கூடாது என்று நினைத்தவர். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1867இல் அயர்லாந்தின் வடபகுதியில் பிறந்தார். தமக்கு நீலக் கண்கள் வேண்டும் என்று சிறுபிள்ளையாய் ஜெபித்துவிட்டுப் படுத்து, காலையில் கண்ணாடியில் அதே பழுப்புக் கண்களைப் பார்த்து ஏமாந்த கதை எங்கள் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பிற்பாடு சேலை உடுத்தித் தமிழ்ப் பெண்களோடு ஊர் ஊராய்ப் போனபோது அந்தக் கண்களே உதவின. 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் 1951 ஜனவரி 18இல் டோனாவூரில் கண்மூடும்வரை ஒருமுறைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

1901 மார்ச் மாதத்தில், பண்ணைவிளையில், கோயிலுக்குத் தேவதாசியாகப் பொட்டுக்கட்ட விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். பிரீனா. அதற்கு முன் ஒருமுறை தப்பிப் போனபோது பெற்ற தாயே திருப்பி ஒப்படைத்துவிட்டதாகவும், தண்டனையாகக் கையில் சூடு போட்டதாகவும் அந்தப் பிள்ளை சொன்னாள். அந்த வழக்கத்தை எதிர்த்துப் பின்னாளில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் நீண்ட போராட்டம் நடத்தினார்கள். சென்னை மாகாணத்தில் அதைத் தடுக்கும் சட்டம் 1947இல்தான் வந்தது. சட்டம் வருவதற்குள் எத்தனை பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டிருப்பார்கள்! யாராவது அன்றன்றைக்கு அவர்களுக்குச் சோறூட்ட வேண்டியிருந்தது.

அந்த அன்றாடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பிரசங்கம் செய்யவும் சுவிசேஷம் அறிவிக்கவும் கடல் கடந்து வந்தவர், பிள்ளைகள் ஒவ்வொன்றாய் வந்து சேர, இரவெல்லாம் பால் காய்ச்சுகிறவராகவும் துணி அலசுகிறவராகவும் ஆகிப்போனார். ஆயா வேலைக்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்ற கேள்வி அவருக்குள்ளும் எழுந்திருக்கிறது. தம் சீஷர்களின் கால்களைக் கழுவத் துண்டை எடுத்து அரையில் கட்டிக்கொண்ட ஆண்டவரை நினைத்ததும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

இங்கே பொன்னம்மாளைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது நியாயமாகாது. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர், ஏமி அம்மையாரின் தோழி. பச்சிளங்குழந்தைகளுக்கு மருத்துவ உதவி பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தொடக்க ஆண்டுகளில் நெய்யூரில், மிஷன் ஆஸ்பத்திரியின் அருகில், ஒரு குழந்தைகள் இல்லம் நடந்தது. அதன் பொறுப்பைச் சுமந்தவர் பொன்னம்மாள். 1915இல் புற்றுநோயால் இறந்தார். வெள்ளைக்கார அம்மாவைப் பற்றிப் பேசும் நாம் இந்தத் தமிழ் அம்மாவையும் ஒவ்வொரு மேடையிலும் நினைக்க வேண்டும். அவர் கண்விழித்த இரவுகள் இல்லையென்றால் பிழைத்திருக்காத பிள்ளைகள் எத்தனையோ.

ஏமி அம்மையார் டோனாவூரில் பிள்ளைகளுக்காக அமைத்த இல்லத்தின் வளாகத்துக்குள் நுழைந்ததும் மரநிழலும் பெருக்கிய மண்ணும்தான் முதலில் கண்ணில் பட்டன. இது வேடிக்கை பார்க்கும் இடம் அல்ல, பிள்ளைகள் வாழும் வீடு. முன்கூட்டியே கேட்டு அனுமதி பெற்றுத்தான் போக வேண்டும். பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. அனுதாபத்தோடு அவர்கள் தலையைத் தடவிக் கதை கேட்பதும் வேண்டாம் என்பேன். நம் வீட்டுப் பிள்ளைகளிடம் வருகிறவர்கள் அப்படிக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும்?

இங்கே ஊழியம் செய்கிறவர்களை உறவுமுறை சொல்லி அழைப்பது பழைய வழக்கம். நம் பெண்கள் அக்காள்மார், வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் சித்திமார், ஆண்கள் அண்ணாச்சிமார். ஏமி அம்மையார் எல்லோருக்கும் அம்மா. எங்களை அழைத்துப்போன வயதான அக்காள் இங்கேயே வளர்ந்தவர். என் அம்மா அவரிடம் "எப்போது பிறந்தீர்கள் அக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டார்கள்.

"பிறந்த நாள் தெரியாது அம்மா. வந்த நாள் தெரியும்" என்றார் அவர்.

பிறந்த தேதி தெரியாமல் வந்த பிள்ளைகள் பலர். ஆகையால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வீட்டுக்கு வந்து சேர்ந்த நாளையே பண்டிகையாகக் கொண்டாடும் வழக்கத்தை ஏமி அம்மையார் ஏற்படுத்தினார். அக்காள் தம் வந்த நாளைச் சொன்னபோது குரலில் துயரம் இல்லை. அன்றைக்குத் தமக்குக் கிடைக்கும் பூக்களைப் பற்றியும், கூட வளர்ந்தவர்கள் பாடுவதைப் பற்றியும் விரிவாகச் சொன்னார். நாம் பிறந்ததற்கு நாம் எதுவும் செய்யவில்லை. ஒருவர் கதவைத் திறந்து நம்மை உள்ளே எடுத்துக்கொண்ட நாளுக்கு நன்றி சொல்லக் காரணம் அதிகம். இத்தனை ஆண்டுக் கிறிஸ்தவ வாழ்க்கையில் இப்படி நான் யோசித்ததே இல்லை. அம்மா தம் அறுவைச் சிகிச்சை நடந்த தேதியை மெதுவாக அக்காளிடம் சொன்னார்கள். "அது உங்களுக்கு வந்த நாள்" என்று அக்காள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜெப ஆலயத்தில் சற்று நேரம் உட்கார்ந்தோம். பிறகு அம்மையாரின் அறை. 1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், இருட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், உயிர் இருக்கும்வரை, பெரும்பாலும் இந்த அறைதான் அவர் உலகம். தீராத வலி. அங்கிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். பிள்ளைகளுக்குச் சிறு சிறு கடிதங்கள் எழுதி அனுப்பினார். ஓடியாடிச் சேவை செய்கிறவரைப் பார்த்து வியக்கிறோம். படுக்கையில் கிடந்துகொண்டு, தம் வலியைப் பேசாமல், வாசலில் வந்து நிற்கும் பிள்ளைக்கு முகம் மலர்வது அதைவிடக் கடினமான சேவை. நோயாளியாய்க் கிடந்த நாட்களில் என் அம்மா எங்களுக்கு அதைச் செய்தார்கள். அங்கே நின்றபோதுதான் எனக்கு அது முழுதாக விளங்கியது.

1919இல் ஆங்கிலேய அரசாங்கம் ஏமி அம்மையாருக்குப் பொதுச்சேவைக்கான கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது, அசட்டை பண்ணப்பட்ட ஆண்டவரின் ஊழியக்காரிக்கு இந்த மரியாதை ஏன் என்று அவர் கலங்கினார். வேண்டியவர்கள் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டாலும், அதை வழங்கும் விழாவுக்கு அவர் சென்னைக்குப் போகவில்லை. பணத்துக்காக மனிதரிடம் கையேந்துவதில்லை என்பதும் அவருடைய தீர்மானம். தேவையைத் தேவனிடம் சொன்னார். வந்ததை ஒவ்வொன்றாக நன்றியோடு குறித்துவைத்தார்.

அடக்கத் தோட்டத்தில் அவருக்குக் கல்லறை கட்டப்படவில்லை. கல் வைக்க வேண்டாம் என்று அவரே சொல்லியிருந்தார். பிள்ளைகளுக்கு மனம் கேட்கவில்லை. பறவைகள் வந்து தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, அம்மாவை அழைக்கும் ஒரே சொல்லை அதில் பொறித்தார்கள். ஆண்டும் இல்லை, ஊரும் இல்லை, பட்டமும் இல்லை. என் அம்மா அங்கே வெகுநேரம் ஜெபித்தார்கள்.

திரும்பி வரும்போது அம்மா லூக்கா 4ஆம் அதிகாரத்தை எடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பேதுருவின் மாமி கடும் ஜுரமாய்க் கிடக்கிறாள், ஆண்டவர் குனிந்து நின்று ஜுரத்துக்குக் கட்டளையிடுகிறார், அது நீங்குகிறது. "உடனே அவள் எழுந்திருந்து அவர்களுக்குப் பணிவிடைசெய்தாள்." இந்தப் பெண்ணைப் பற்றி நம் பிரசங்கங்களில் அதிகம் கேட்பதில்லை. அவள் சாட்சி சொன்னதாகவோ பாட்டுப் பாடியதாகவோ எழுதியில்லை. அடுப்படிக்குப் போனாள், வந்தவர்களுக்குப் பசியாற்றினாள். அவளுடைய ஸ்தோத்திரம் முழுவதும் அந்த ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்கிறது. நன்றி சொல்வதற்கும் ஊழியம் செய்வதற்கும் நடுவில் அவள் இடைவெளியே விடவில்லை.

"இவள் சுகமானவுடனே எழுந்துவிட்டாள். எனக்குத்தான் இத்தனை மாதம் ஆகிவிட்டது" என்றார்கள் அம்மா.

இப்போது புதன்கிழமைகளில் அம்மா, எங்கள் சபைப் பெண்கள் சிலரோடு, ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்வருகிறார்கள். துணைக்கு ஆளில்லாத நோயாளிகள் வார்டுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டு, கஞ்சி புகட்டுகிறார்கள், தலை வாரிவிடுகிறார்கள், ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, விரும்பினால் மட்டும் ஜெபிக்கிறார்கள். தூக்குவாளியைச் சுமந்துபோவதும் டம்ளர்களைக் கழுவுவதும் என் வேலை. முதியவர் ஒருவருக்குக் கால்நகம் வளர்ந்து நடக்கவே சிரமப்படுகிறார் என்று போன வாரம் அம்மா சொன்னார்கள். வரும் புதன்கிழமை நகவெட்டியும், கால் ஊறவைக்க ஒரு பேசினும் எடுத்துக்கொண்டு போகிறோம்.