ஆற்காட்டு முற்றுகையும் ஒரு கொத்தனாரும்

நவம்பர் 10

வேலூரிலிருந்து பஸ் பிடித்து ஆற்காடு போய் வந்தேன். பழைய கோட்டையின் வாசலான டெல்லி கேட்டின் கீழே வெகுநேரம் நின்றேன். சின்ன வயதில் பாடப்புத்தகத்தில் "ஆற்காட்டு வீரர் கிளைவ்" என்று மனப்பாடம் செய்த ஊர் இது. 1751-ல் அந்தக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றி இந்த வாரம் முழுக்கப் படிக்கப் போகிறேன்.

நவம்பர் 11

சண்டையின் வேர் திருச்சியில் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் பட்டத்துக்காக மோதியவர்கள் சந்தா சாகிபும் முகமது அலியும். முன்னவருக்குப் பிரெஞ்சுக்காரர் துணை, பின்னவருக்கு ஆங்கிலேயர். சந்தா சாகிபின் படை சூழ்ந்திருக்க, திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி முடங்கிக் கிடந்தார். சந்தா சாகிபின் தலைநகரான ஆற்காட்டைத் தொட்டால் அவர் படையைப் பிரித்து அனுப்புவார் என்பது திட்டம். சென்னையிலிருந்து 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்களுடன் ஆங்கிலேயக் கம்பெனியின் கிளைவ் புறப்பட்டார். வயது 25. ஆற்காட்டுக் கோட்டையில் இருந்தவர்கள் சண்டை போடாமலே ஓடிவிட்டார்கள். திட்டமும் பலித்தது, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் படையோடு வந்து கோட்டையை வளைத்துக்கொண்டார்.

நவம்பர் 12

இன்று படித்த ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கோட்டைக்குள் இருந்த நீர்த்தேக்கம் ஒன்றே ஒன்று. அதிலிருந்து பூமிக்கடியில் ஒரு கால்வாய் வெளியே போனது. வெளியிலிருப்பவர்கள் அதைக் கண்டுபிடித்தால் தண்ணீர் முழுவதையும் வடித்துவிடலாம். முன்பு அங்கே வேலை பார்த்த கொத்தனார் ஒருவர் அதை நினைவில் வைத்திருந்து சொல்ல, கால்வாயை அடைத்தார்கள். அந்த மனிதர் ஞாபகப்படுத்தாமல் போயிருந்தால் எத்தனை நாள் தாங்கியிருப்பார்கள்? நான் படித்த எதிலும் அவர் பெயர் இல்லை. கிளைவின் ஒவ்வொரு அசைவும் பதிவாகியிருக்கிறது.

நவம்பர் 13

கஞ்சிக் கதை எல்லோருக்கும் தெரியும். அரிசி குறைந்தபோது, "சோறு வெள்ளைக்காரர்களுக்கு இருக்கட்டும், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும்" என்று சிப்பாய்கள் சொன்னார்களாம். பிற்கால ஆங்கிலேய வரலாற்றாசிரியர்கள் இதை விசுவாசத்தின் சின்னமாகவே கொண்டாடினார்கள். எனக்கோ வயிறுதான் கண்முன் வருகிறது. காலையில் கஞ்சி குடித்துவிட்டு மத்தியானம் வரை வயலில் நிற்பது என்னவென்று என் அப்பாவுக்குத் தெரியும். துப்பாக்கியோடு இரவெல்லாம் மதில் காப்பது அதைவிடக் கொடுமையாக இருந்திருக்கும்.

நவம்பர் 14

கடைசித் தாக்குதல், மொகரம் சமயத்தில். உள்ளே தெம்போடு இருந்தவர்கள் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும். காக்க வேண்டிய மதிலோ சுற்றளவில் ஒரு மைலுக்கு மேல், அதுவும் இடிந்த மதில். வாயிலை உடைக்க நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை ஓட்டி வந்தார்கள். குண்டுபட்ட யானைகள் திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. அகழியில் தெப்பத்தில் வந்தவர்களைப் பீரங்கியால் சிதறடித்தார்கள். சுமார் ஒரு மணி நேரம்தான். அன்றிரவே முற்றுகை கலைந்தது. ஐம்பது நாள் முடிந்தபோது உள்ளே 45 ஐரோப்பியரும் 30 சிப்பாய்களும் செத்திருந்தார்கள்.

வெளியே செத்தவர்களும் பெரும்பாலும் இந்த மண்ணின் ஆட்கள்தானே. இரண்டு பக்கமும் சம்பளத்துக்கு வந்த ஏழைகள்.

நவம்பர் 15

அப்பாவிடம் கொத்தனார் கதையைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கால்வாய் எங்கே ஓடுதுன்னு கட்டினவனுக்குத்தானே தெரியும்" என்றார். அப்புறம், "அவன் எந்த ஊர்க்காரன்?" என்று கேட்டார்.